ஒரு சிட்டிகை

செல்போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள் சாரா பீவி. முப்பத்திரண்டு வருஷம் வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட்ட கைக்கு இதுதானா மரியாதை என்று ஆத்திரமாக வந்தது.

ஷார்ஜாவிலிருந்து மகள் ஷஹனாஸ் அனுப்பியிருந்த வீடியோ அது. திருச்சியில் பேர்போன சமையல்காரர்களைத் தேடிப் பிடித்து எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தது ஒரு யூடியூப் சேனல். ஆயுசில் கடைசியாக ஒரே ஒரு வேளைச் சாப்பாடுதான் என்றால் என்ன கேட்பீர்கள்?

நட்சத்திர ஓட்டல் செஃப் பிரவீன்ராஜ், அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு என்றார். ஸ்ரீரங்கத்தில் கல்யாண கேட்டரிங் நடத்தும் ஸ்ரீரங்கராஜன், "எங்காத்துல பண்ற சாத்தமுதும் சுட்ட அப்பளமும் போறும்" என்று சொல்லிவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்து வெட்கப்பட்டார்.

மூன்றாவதாக வந்தவர் சாராவின் கணவர் ஜெகபர் அலி. அவர் பிரியாணி இல்லாமல் பாலக்கரைப் பக்கம் ஒரு நிக்காஹ் நடக்காது. வீட்டில் அவர் வழித்து வழித்துச் சாப்பிடும் வவ்வால் மீன் ஆணத்தைத்தான் சொல்லப்போகிறார் என்று சாரா போனை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"நானே உப்புப் பாத்து ஆக்குன நோன்புக் கஞ்சி" என்றார் அவர்.

கேள்வி கேட்டவர் சிரித்தார். ஜெகபர் அலியும் சிரித்தபடி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

ரமலான் முழுக்கப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். கூலி வாங்கமாட்டார். சாயங்காலத் தொழுகை முடிவதற்குள் தெருவே தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும். ஆனால் அந்தக் கஞ்சியில் உப்பு மட்டும் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை.

நோன்பு வைத்த வாயால் ருசி பார்க்கமாட்டேன் என்பது அவர் பிடிவாதம். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் தப்பில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியும் கேட்கவில்லை. ஆவியை மோந்து பார்த்துத்தான் உப்புப் போடுவார். கரித்துவிடுமோ என்று பயந்து குறைத்தே போடுவார்.

எதிர்வீட்டு பஸீலாவுக்குச் சர்க்கரை வியாதி. "சீக்காளிக்குத்தான் நோன்புல விலக்கு இருக்கே மாமா, நான் வந்து உப்புப் பாத்துத் தரவா?" என்று வருஷா வருஷம் சீண்டுவாள். தன் அண்டாவில் அடுத்தவர் கரண்டி படக்கூடாது என்று அவரும் வருஷா வருஷம் விரட்டுவார். அதனால் கஞ்சிக் கிண்ணத்தோடு உப்பு டப்பாவையும் எடுத்து வைப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வழக்கமாகிப் போயிருந்தது.

அன்று மாலை தூக்குவாளியோடு அவர் வீட்டுக்குள் வந்தபோது சாரா முகம் கொடுக்கவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கக்கூடாது, திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"வீடியோ பாத்துட்டியாக்கும்" என்றபடி அவர் மெல்ல உட்கார்ந்தார். போன வாரம் வயிற்றுவலி என்று தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே ஆள் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தார். வெறும் வாயுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்காக ஸஹர் சாப்பாட்டைத் தவறவிடவில்லை. விடிவதற்கு முன்பே அவளோடு எழுந்து, கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் செய்தார்.

சாரா இரண்டு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள். பார்க்காமலே டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, கோபம் தெரியட்டும் என்று ஸ்பூன் சத்தம் கேட்கும்படி கலக்கினாள்.

பாங்கு கேட்டது. இருவரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். அவர் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஒரு நொடி நிறுத்தினார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

சாரா தன் கிண்ணத்தில் வாய் வைத்தாள். கரித்தது.

கோபத்தில் கை தவறிவிட்டதோ என்று, தூக்குவாளியில் மிச்சமிருந்ததில் ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். உப்பு கணக்காக இருந்தது. ஒரு கல் கூடவில்லை, ஒரு கல் குறையவில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இப்படி ஒரு கஞ்சியை அவள் குடித்ததே இல்லை.

"இன்னைக்கு யாருங்க உப்புப் பாத்தது? பஸீலாவா?"

"அவ கரண்டிய என் அண்டாவுல விடுவேனா?" என்றார் அவர், காலிக் கிண்ணத்தைப் பார்த்தபடி.

வீடியோவில் அவர் சொன்னதை அவள் இப்போதுதான் கேட்டாள். நானே உப்புப் பாத்து.

உப்பு டப்பாவை மூடித் தள்ளி வைத்தாள். நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுப்புச் சூடு இன்னும் ஆறாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் எத்தன மாசம்னு சொன்னாரு?"