பின்சுவரில் ஓர் ஓட்டை

"பொங்கலுக்கு வீடு பூசுறோம்ணே. தெமோதரையிலேருந்து தம்பி தயாபரன் வந்திருக்கான். நாளைக்குப் பின்சுவரு," என்றாள் அடுத்த வீட்டு ஜீவராணி, ஒரு பூசணிக்காயைத் தம்பையாவின் வாசலில் இறக்கி வைத்தபடி.

தம்பையா அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பின்சுவருக்குள்தான் அவருடைய தேனீக்கள் இருந்தன.

மூன்று மாதத்துக்கு முன்புவரை அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே, ஒரு தேனீப்பெட்டி வைத்திருந்தார். ஜீவராணியோ கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவள். தோட்டத்தில் பறப்பதெல்லாம் அவளுக்குக் குளவிதான்.

"குளவி வளக்குறீங்களே, நீங்க மனுசனா?" என்று அன்றைக்கு லயத்தையே கூட்டிவிட்டாள்.

"இது தேனீ தங்கச்சி. ஒடம்பெல்லாம் பூமயிரு இருக்கு பாரு. குளவின்னா வழவழன்னு, இடுப்பு ஒட்டிப்போயி இருக்கும். இதுக பூவுக்குப் பூ தூளைக் கொண்டு சேக்கலேன்னா ஒன் பூசணி பூக்கும், காய்க்காது."

அவர் பேச்சு எடுபடவில்லை. பெட்டியை வெலிமடைக்கு அனுப்பினார். போனது வெறும் பெட்டி. தேனீக்கள் அதற்கு முந்தின நாளே கிளம்பி, அவள் வீட்டுச் சுவர் ஓட்டைக்குள் குடியேறிவிட்டிருந்தன. தம்பையா அதைப்பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"இப்ப பயமில்லாமத் தூங்குறியா?" என்று, அவள் இறக்கி வைத்த பூசணியைப் பார்த்தபடி தம்பையா மெல்லக் கேட்டார்.

"நல்லாத் தூங்குறேன்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். பூசணியும் கொடி தாங்காமக் காச்சிருக்கு."

"பின்சுவரு நல்லாத்தானே இருக்கு. அதையும் பூசணுமா?"

"நல்ல நாளும் அதுவுமா அப்பிடியேவா விடுறது?"

"ஒரு ஓட்டை கெடந்தா என்ன, காத்து வருமே."

"ஓட்டைய நான் பாத்துக்குறேன். நீங்க காயச் சமைச்சுச் சாப்புடுங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உண்மையைச் சொன்னால் தீ வைப்பாள். சொல்லாவிட்டால் சீமெந்து. தம்பையாவுக்குப் பூசணிக்காயைப் பார்க்கவே மனசு கனத்தது. அதைக் காய்க்க வைத்த ஜீவன்களுக்கா இந்தக் கதி?

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மாட்டுப் பொங்கலன்று, லயத்தார் மாடுகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மனசு கேட்காமல் பின்பக்கம் போனார்.

வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று இருந்தது. நடுவில் ஓட்டை அப்படியே. அதைச் சுற்றி மஞ்சள் பூசி, மேலே குங்குமப் பொட்டு வைத்திருந்தது. கீழே வாழையிலையில் பொங்கல். காலில் மஞ்சள் தூளை ஒட்டிக்கொண்டு தேனீக்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"எங்களுக்கு மாடா இருக்கு?" பின்னால் ஜீவராணியின் குரல் கேட்டது. "எங்களுக்கு ஒழைக்கிறது இதுகதானேண்ணே. நீங்க சொன்ன பூமயிரு இருக்கான்னு வந்த அன்னைக்கே கிட்டப் போயிப் பாத்துட்டேன். இதுக ரீங்காரத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் மூணு மாசமா நல்லாத் தூங்குறேன்."