பெரிய வண்டி

எங்கள் ஷோரூமுக்கு வந்த குணசீலனின் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழைய இடமிருந்தது. வைத்தியம் அவரை அப்படி ஆக்கியிருந்தது. முதலில் முந்நூற்றைம்பது சிசி க்ரூஸர் பைக்கில் ஏறி உட்கார்ந்து, ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியை நிமிர்த்தப் பார்த்தார். அது பாதி எழுந்து மறுபடி சாய்ந்துகொண்டது.

"சின்னது நமக்குச் சரிப்படாது தம்பி. அறுநூத்தம்பதக் காட்டு."

அதை நகர்த்த எங்களுக்கே இரண்டு பேர் வேண்டும். அவர் ஏறியதும் மனைவி தமயந்தி இடதுபக்கம் வந்து, சீட்டின் தையலைப் பார்ப்பவர்போலக் குனிந்தார். வண்டி ஒரே மூச்சில் நிமிர்ந்தது.

"பாத்தியா, பெருசுதான் லேசா இருக்கு!" குணசீலனின் முகத்தில் ரத்தம் ஊறியது.

"ஆமாங்க." சீட்டுக்கடியில் முட்டுக்கொடுத்திருந்த தமயந்தியின் கையில் நரம்புகள் புடைத்திருந்தன.

குணசீலன் குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டி மடக்கினார். இன்ஜின் உறுமியது.

"நகரு, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்."

தமயந்தி என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"இந்தத் தையல் நல்லாருக்குங்க" என்றார்.