பிரபல போட்டோகிராபர்

என் வீடியோ ஒன்று செல்போன் செல்போனாகப் பரவிய மறுவாரம், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி ஸ்டுடியோவுக்கு வந்தது.

"அந்த வீடியோவைப் பாத்துட்டுதான் வந்தோம்ணா," என்றாள் மணப்பெண்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எடுத்ததிலேயே சிறந்த படங்கள் இருந்த ஆல்பத்தை நீட்டினேன்.

"இதெல்லாம் எதுக்குண்ணா? உங்களைத் தெரியாதா எங்களுக்கு?" என்று மாப்பிள்ளை அதைத் திறக்காமலே திருப்பித் தந்தார்.

'பார்த்தாயா' என்று பக்கத்தில் நின்ற மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். "கல்யாணத்தன்னிக்குக் காலையில எத்தனை மணிக்கு வரட்டும்?"

இருவரும் நெளிந்தார்கள்.

"படம் எடுக்க வேற ஆள் இருக்காருண்ணா. நீங்க வீடியோல வர்ற மாதிரியே, ஃபோகஸ் பாத்துக்கிட்டே பின்னால நடந்து போய் நீச்சல் குளத்துல விழுந்தா போதும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்த மாதம் எனக்கு வந்த ஒரே வேலை அது. பரணில் கிடந்த பழுதான கேமராவை இறக்கித் தூசி தட்டினேன்.

"குளம் எவ்வளவு ஆழம்?"