சி.பி.யு.வுக்குள் சுருண்டது

கடையை விட்டு ஒரே பாய்ச்சலாக வெளியே வந்த பார்த்திபன், நடுரோட்டில் வந்துதான் நின்றான். கையில் ஸ்க்ரூ டிரைவர். காலில் ஒரு செருப்பைக் காணோம்.

"இன்னா தம்பி, கரன்ட் அடிச்சிருச்சா?" என்றார், கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜாக்கண்ணு.

"பாம்பு மாமா! சி.பி.யு. பெட்டிக்குள்ள பாம்பு!"

அதற்குள் ராஜாக்கண்ணுவின் இரண்டு காலும் பெஞ்சின் மேல் ஏறியிருந்தன.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் அந்த ஆன்லைன் சென்டரை நடத்துபவள் பார்த்திபனின் மனைவி கோகிலவாணி. போன மாதம்தான் ஆலங்காயத்தில் மலிவாக அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினார்கள். பெங்களூர் ஆபீஸ்களில் கழித்துப் போட்டதைத் துடைத்து, பழுது பார்த்து விற்கிற கடை. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. வேலை கொடுத்தால் நகராமல் அடம்பிடித்தது.

ராஜாக்கண்ணுவின் மகள் காவியாவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். காலையிலிருந்து ஒரே பக்கத்தில் சுற்றிக்கொண்டே நின்றது திரை. சந்தைக்குப் போன கோகிலவாணி வருவதற்குள், வாங்கி வைத்திருந்த ரேமைச் செருகிவிடலாம் என்று பெட்டியை அணைத்து, பக்கத்து மூடியைக் கழற்றினான் பார்த்திபன். பல்லி விழுந்தாலே நாற்காலி மேல் ஏறுகிறவன்.

அடித்தட்டில், வயரோடு வயராக அது சுருண்டு கிடந்தது. கருத்த உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். தலை எங்கே என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவனுக்கு நினைவில்லை. ரோட்டில் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் விற்ற சரவணகுமாருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். எதிர் டீக்கடைக் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் அவனையே வேடிக்கை பார்த்தன. கொஞ்ச நாளாக அவை இவன் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ரோட்டைத் தாண்டாமல் அங்கேயே குடித்தனம்.

"இன்னா பெட்டிய்யா வித்த? உள்ள பாம்பு கெடக்குது!"

எதிர்முனையில் ஒரே சிரிப்பு.

"ண்ணா, பயந்துட்டீங்களா? அது ரப்பர் பாம்புண்ணா! குடோன்ல எலி வயரை எல்லாம் கடிச்சுப் போடுது. அதுக்குத்தான் பெட்டிக்கு ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன். உங்க பெட்டில எடுக்க மறந்துட்டேன் போல."

"நெஜமாவா?"

"அசையுதா?"

"இல்ல."

"சீறுச்சா?"

"இல்லப்பா."

"அப்புறம் இன்னாண்ணா? கையால எடுத்துத் தூரப் போட்டுட்டு ரேமைச் செருகுங்க."

பார்த்திபனுக்கு மூச்சு வந்தது. ராஜாக்கண்ணுவின் கால்களும் தரைக்கு வந்தன.

"பொம்மையைப் பார்த்தா அந்த ஓட்டம் ஓடினே?" என்றார் அவர்.

"பெஞ்சு மேல ஏறினது யாரு மாமா?"

"எனக்கு முட்டி வலிப்பா. அப்பப்போ தூக்கி வெச்சுக்குவேன்."

"அப்போ வந்து நீங்களே எடுங்க."

"எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி இன்னா தெரியும்? நீ எடு. நேரமாவுது, பொண்ணு வூட்ல சாப்பிடாம கூட ஒக்காந்துங்கீது."

பார்த்திபன் உள்ளே போய் மேஜைக்குக் கீழே குனிந்தான். பொம்மை என்று தெரிந்தும் முதலில் மூடியின் விளிம்பால் மெல்லத் தட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு குத்து. அப்போதும் அசையவில்லை.

கையை உள்ளே விட்டான். தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சில்லென்று இருந்தது. மலைப் பனியில் எதுதான் சில்லென்று இல்லை?

"ரப்பருக்கு இந்தப் பயமா? விடியறதுக்குள்ள எடுத்துருவியா?" என்றார் பின்னாலிருந்து ராஜாக்கண்ணு.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நடு உடம்பைப் பிடித்துத் தூக்கினான். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சுருள் மெல்லப் பிரிந்து மணிக்கட்டில் வழிந்தது.

"அடேங்கப்பா, அச்சு அசல் கட்டுவிரியனாட்டமே செஞ்சிருக்கான் பாரு!" ராஜாக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார்.

வாசலில் நிழல் விழுந்தது. காய்கறிப் பையோடு கோகிலவாணி.

"வாம்மா, வந்து உன் வூட்டுக்காரன் வீரத்தைப் பாரு! கடைக்காரன் பெட்டிக்குள்ள விட்டுட்ட ரப்பர் பாம்புக்குப் பயந்து நடுரோட்டுக்கு ஓடிட்டான்!"

கோகிலவாணி சிரிக்கவில்லை. பை அவள் கையிலிருந்து நழுவி, தக்காளி தரையெல்லாம் உருண்டது. கணவனின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னாள்:

"அசையாதீங்க... அந்த ரப்பர் பாம்பைப் பெட்டி வந்த அன்னிக்கே எடுத்து, குரங்கு வராம இருக்க நம்ம கூரை மேல கட்டிட்டேங்க."