கிணற்றடிக் கன்று

"அங்கயே நில்லு. கேட்டைத் தாண்டி ஒரு அடி எடுத்து வெக்காதே."

சென்னிமலை போட்ட சத்தத்தில் குரைத்துக்கொண்டிருந்த நாய்கூட அடங்கிவிட்டது. வெளியே அவருடைய மலையாளி மருமகன் ஜிபி நின்றிருந்தான். போன வருடம் முதலமடையில் இருக்கும் அவர் தோப்புக்கு மாங்காய் லோடு ஏற்ற வந்தவன், அவருடைய ஒரே மகள் ஜானவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு இன்றுதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறான்.

"மாமா..."

"ஆருக்கு ஆரு மாமா?"

ஜிபி கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னான். "ஜானவிக்கு இது மூணாம் மாசம். ஒரு வாய் வெள்ளம் குடிச்சாலும் வாந்திதான். கறிவேப்பிலையை அரைச்சு மோருல கலக்கிக் குடுத்தா மட்டும் வயித்துல நிக்குது. கடையில விக்கறது மருந்தடிச்ச எலை. உங்க கிணத்தடிக் கன்னுல ஒண்ணு குடுத்தீங்கன்னா, எங்க முற்றத்துல வெச்சுக்குவோம்."

திண்ணையிலிருந்த அவர் மனைவி குருவம்மாள் எழுந்து வந்தாள். மகள் உண்டாகியிருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

"குடுத்தனுப்புங்க. வயித்துப்புள்ளக்காரிக்குக் கேக்கறாங்க."

"நீ பேசாதே புள்ள." சென்னிமலை அவனிடம் திரும்பினார். "என்ற பொண்ணைக் கேக்காம எடுத்துட்டுப் போனே. இதை மட்டும் கேட்டு வாங்க வந்துட்டியா? தர மாட்டேன். போ."

ஜிபி தலையைக் குனிந்துகொண்டு பைக்கைக் கிளப்பினான். தெருமுனை டீக்கடை வரை போனவன், அதற்கு மேல் போக மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

"உங்க மனசு கல்லுங்க" என்று குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கடப்பாரையோடு கிணற்றடிக்குப் போனார். இருந்ததிலேயே நன்றாகத் தழைத்திருந்த கன்றின் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார்.

"ஏனுங்க, அவன் மேல இருக்கற கோவத்தை அது மேலயா காட்டுவீங்க?" குருவம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"உடு புள்ள, வேரு அறுந்துரும்." குனிந்து, வேர் மண்ணோடு கன்றை அசைத்துப் பார்த்தார். இலேசாக வந்தது. "பெரிய மரத்துல நாலு கொத்து ஒடிச்சு இதுக்குப் பக்கத்துல வை. நாயைப் புடிச்சுக் கட்டு. கேட்டைத் தொறந்து போட்டுட்டு ஊட்டுக்குள்ள வா."

"எதுக்குங்க?"

"கறிவேப்பிலைக் கன்னைக் கேட்டு வாங்கிட்டுப் போய் வெச்சா வராது, திருடி வெச்சாத்தான் தழைக்கும்னு உனக்குத் தெரியாதா? டீக்கடையில நிக்கறான் பாரு, அவனுக்குப் போன் போடு. அன்னைக்கு மாதிரியே கேக்காம எடுத்துட்டுப் போகச் சொல்லு."