பூட்டிய வீடு

“வீட்டப் பூட்டி ஒரு பொம்பளைய நடுத்தெருவுல விட்டிருக்கான். இதுக்குக் கேஸ் எழுத மாட்டீங்களா மேடம்?” ஷீபா ஃபைலை மேசைமேல் பொத்தென்று வைத்தாள்.

“எழுதறேம்மா. யார் மேல எழுதறது? பேரு வோணும், இல்ல அட்ரஸ் வோணும்” என்றார் தலைமைக் காவலர் ஜெயம்மாள்.

வீடற்றவர்களுக்கான தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்து, ஷீபா மார்த்தாண்டத்திலிருந்து உத்திரமேரூருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பஸ் ஸ்டாண்டில் சுருண்டு படுத்திருந்த செங்கேணியிடம் நடந்ததைக் கேட்டு, ‘வீட்டுக்காரர் பூட்டிவிட்டார்’ என்று மனுவில் எழுதினாள்.

அந்த ஒரு வரியே எமனாக வந்தது. வீடு இருக்கிறவர்களுக்கு இடமில்லை என்று பெண்கள் காப்பகம் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. “ஒரு பாய் விரிக்க இடம் குடுங்க, போதும்” என்று கெஞ்சியும் பார்த்தாள். விதி விதிதான் என்றார்கள்.

இதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செங்கேணிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தினமும் இட்லி வாங்கிப் போய்க் கொடுக்க முடிந்த ஷீபாவால், தலைக்குமேல் ஒரு கூரையை வாங்கித் தர முடியவில்லை.

“பேர மட்டும் சொல்லுங்கக்கா. என்னத்துக்குப் பயப்படுதீங்க?” என்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செங்கேணியிடம் கேட்டாள் ஷீபா.

செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அவரு பேர என் வாயால சொல்ல மாட்டேம்மா.”

“வீடு எங்கன்னாவது சொல்லுங்க!”

“அத்த வுடும்மா.”

“இப்பவும் அந்தாளுக்கு மரியாதையப் பாருங்க மேடம்!” ஷீபா ஜெயம்மாளிடம் திரும்பினாள். கர்த்தரே, இந்த மனுஷிக்கு எப்படித்தான் உதவுவது?

ஜெயம்மாள் தன் பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பியை ஊற்றிச் செங்கேணியின் கையில் கொடுத்தார். அவள் பாதி குடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

“யாரும் உன்ன ஒண்ணியும் சொல்ல மாட்டாங்கக்கா. இந்தம்மாகிட்ட மொதல்ல இன்னா சொன்னியோ, அத்த அப்டியே சொல்லு.”

“வூட்டுக்காரரு பூட்டாருன்னேன். வேற இன்னாத்த சொல்றது?”

ஜெயம்மாள் ஃபைலைத் திறந்து, மனுவின் அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, ஷீபாவின் கையை மெல்லத் தொட்டார்.

“வூட்ட யாரும் பூட்டலம்மா. இவுங்க புருஷன் செத்துப் பூட்டாரு.”