பெல்ட் சொல்லும் சாட்சி

ஊரே பொறாமையோடு பார்த்துப் பெருமூச்சு விடும் ஒல்லி மனிதர் ஒருவர் இருந்தார். அவருடைய கல்லீரலுக்கு மட்டும் கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம். யாரோ பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வெளியே இடுப்பைச் சுற்றியிருந்த பெல்ட்டைக் கூப்பிட்டது. "ஏம்ப்பா, இந்த ஆள் பெருத்துட்டாரா?"

"போங்கக்கா! கல்யாணத்தன்னிக்குப் போட்ட அதே ஓட்டையிலதான் இன்னிக்கும் மாட்டுறாரு."

"அப்போ தினமும் உள்ளே தள்ளுற பரோட்டாவும் அல்வாவும் எங்கே போகுது?"

"எல்லாம் உடல்வாகு. உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்!"

கல்லீரல் நம்பவில்லை. மெல்லத் துழாவிப் பார்த்தது. குடலின் மடிப்பெல்லாம் மஞ்சளாக, வழவழவென்று கொழுப்பு கால் நீட்டிப் படுத்திருந்தது. பாதிக் கால் கல்லீரலுக்குள்ளேயே வந்திருந்தது.

"அடப்பாவி! யாரைக் கேட்டு உள்ளே வந்தே? என்னை மூச்சுமுட்ட வெச்சே கொன்னுடுவே போலிருக்கே! இரு, இந்த ஆளை இன்னிக்கே டாக்டர்கிட்ட கிளப்புறேன்."

"தாராளமாக் கிளப்புங்கக்கா," என்று கொழுப்பு சோம்பல் முறித்தது. "ஆனா, போகலாமா வேண்டாமான்னு அவர் முதல்ல பெல்ட் அண்ணனைத்தானே கேட்பார்?"